10×10 அறை, ஈபி இல்லாம சோலார் மட்டும்: எத்தனை வாட் பேனல்? என்ன கூரை?

பாலிடெக்னிக்_சிவில்:
வணக்கம். டிப்ளமோ சிவில் மூன்றாமாண்டுப் பசங்க 12 பேர், சென்னைக்குப் பக்கத்தில் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே 10×10 அடி அறை கட்டப் போறாங்க. 2 ஃபேன், 4 லைட், ஒரு லேப்டாப். எல்லாமே சோலார். எத்தனை வாட் பேனல் வேணும்? கூரைக்கு என்ன போடலாம்? வேலை முழுக்கப் பசங்க கையாலேயே நடக்கணும்.

கூரைநிழல்:
பேனலைக் கடைசியில் பார்த்துக்கலாம் சார். அறை கொதிச்சா எத்தனை ஃபேன் போட்டாலும் அனல்தான் சுத்தும்.

வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேட் தேவையில்லைன்னு பிளானில் விட்டுடுவாங்க. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் மதிய வெயில் உச்சந்தலைக்கு நேரா நிக்கும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் அது வடக்குப் பக்கம் சாஞ்சிருக்கும். அதனால் வடக்கிலும் சன்ஷேட் கட்டாயம். மேற்குச் சுவரில் ஜன்னலே வேண்டாம்.

கூரைக்கு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளாவில் பரவலாக்கிய ஃபில்லர் ஸ்லாப் போடுங்க. கம்பிக் கட்டங்களுக்கு நடுவில் மங்களூர் ஓடு இரண்டு இரண்டா, முகத்தோடு முகம் கவிழ்த்து வைக்கணும். உள்ளே அடைபடும் காற்று சூட்டைத் தடுக்கும், கான்கிரீட்டும் மிச்சம். ஓட்டைத் தண்ணியில் நல்லா ஊறப் போடாம வச்சா, அது கலவையிலிருக்கும் தண்ணியை உறிஞ்சிடும். சுத்தி கான்கிரீட் பொறுபொறுன்னு நிக்கும். பசங்க அவசரத்தில் விடுறது இதைத்தான். மேல்தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட். தூசியும் பாசியும் படிஞ்சா பலன் போயிடும், வருஷா வருஷம் கோடைக்கு முன்னாடி திரும்ப அடிக்கணும்.

டிசி_வயர்மேன்:
கணக்கு இது. 30 வாட் பிஎல்டிசி (கரண்ட் கம்மியா இழுக்கும் பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் 2, 10 மணி நேரம்: 600 வாட்மணி. 9 வாட் லைட் 4, 5 மணி நேரம்: 180. லேப்டாப் 60 வாட், 3 மணி நேரம்: 180. மொத்தம் 960. இதே சாதா 75 வாட் ஃபேன்னா 1,860, பேனலும் பேட்டரியும் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

நாளுக்கு 5 மணி நேர முழு வெயில், 30% இழப்புன்னு வச்சா 960-ஐ 3.5-ஆல் வகுங்க: 274. ஒரு 330 வாட் பேனல் போதும். தெற்கு நோக்கி 13 டிகிரி சாய்வு. பேட்டரி 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பெரோ பாஸ்பேட். அதில் 80% எடுத்தா ஒரு நாள் ஓடும். நவம்பர் மழை மூட்டத்துக்கு இது பத்தாது, இரண்டாவது பேட்டரிக்கு இடம் விட்டு வையுங்க.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் வரும். விலை குறைவுன்னு அதில் பிடபிள்யூஎம் வகையை மட்டும் வாங்கிடாதீங்க. 72 செல் உள்ள இந்த 330 வாட் பேனல் 37 வோல்ட்டில் 8.8 ஆம்பியர் தரும். பிடபிள்யூஎம் அதை பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துடும். கிடைக்கிறது 115 வாட்தான். 30 ஆம்பியர் எம்பிபிடி கன்ட்ரோலர் வாங்குங்க, அது பேனலை அதிக வாட் தரும் வோல்ட்டிலேயே ஓட விட்டு பேட்டரி வோல்ட்டுக்கு மாத்திக் கொடுக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். பேனல் பக்கம் டிசி எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினா தானா விழும் சுவிட்ச்). வீட்டு ஏசி எம்சிபியை நம்பாதீங்க, டிசியில் வரும் பொறி சுலபத்தில் அணையாது.

பாலிடெக்னிக்_சிவில்:
ரொம்ப நன்றி. தண்ணி டேங்க் பேனலுக்குத் தென்மேற்கில் வருது. பரவாயில்லையா?

டிசி_வயர்மேன்:
வேண்டாம், வடக்கு ஓரத்துக்கு மாத்திடுங்க. டிசம்பர் சாயங்காலம் அந்த நிழல் நேரா பேனல் மேல விழும். 72 செல்லும் மூணு கூட்டமா பிரிஞ்சிருக்கு, ஒரு செல் மறைஞ்சாலே ஒரு கூட்டம் மொத்தமா படுத்துடும். பேனலை மாட்டுறதுக்கு முன்னாடி தரையில் வெயிலில் வச்சு, ஒரே ஒரு செல்லை அட்டையால் மூடி, கன்ட்ரோலரில் வாட் எவ்வளவு இறங்குதுன்னு பசங்களையே குறிச்சு வைக்கச் சொல்லுங்க.