கனெக்‌ஷன் இல்லாத இடத்துல ட்ரெய்லர் கேம்பிங்: ராத்திரி 3 மணிக்கு ஹீட்டர் நின்னு போச்சு, என்ன வாங்கணும்?

பாலைவன_மாப்ள

எல்லாருக்கும் வணக்கம். அரிசோனால சாண்ட்லர்ல இருக்கோம். மார்ச் மாசம் ட்ரக் பின்னாடி இழுத்துட்டு போற வீடு மாதிரி 24 அடி ட்ராவல் ட்ரெய்லர் ஒண்ணு செகண்ட் ஹாண்ட்ல வாங்கினோம், இதுவரைக்கும் கரண்டு, தண்ணி, டிரெய்னேஜ் மூணும் குடுக்கற ஆர்வி பார்க்லயே போட்டுத்தான் பழக்கம். அக்டோபர் கடைசில தைரியமா ஒண்ணுமே இல்லாத காட்டுல போடலாம்னு ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் கொக்கோனினோ ஃபாரஸ்ட் உள்ள போனோம். இடம் சூப்பர், பைன் மரம், பக்கத்துல ஆளே இல்ல.

ராத்திரி மூணு மணிக்கு வைஃப் எழுப்பறா, "ஏங்க, ஹீட்டர் சத்தம் ஒரு மாதிரி இருக்கு"ன்னு. ஃபேன் மெதுவா இழுத்து இழுத்து ஓடுது, டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம், ஆனா சூடு வரல, கொஞ்ச நேரத்துல அதுவும் நின்னுடுச்சு. வெளிய தண்ணி உறையற குளிரு. பையன நடுவுல போட்டு எல்லா போர்வையும் போத்திகிட்டு விடிய விடிய உக்காந்திருந்தோம். காலைல கிளம்பலாம்னா முன்னாடி இருக்கற கரண்டு ஜாக்கி மேல போகவும் மாட்டேங்குது கீழ வரவும் மாட்டேங்குது, பக்கவாட்டுல வெளிய நீளற ரூம், ஸ்லைடுன்னு சொல்வாங்களே, அதுவும் உள்ள போகல. கையால சுத்தற கைப்பிடி ஒண்ணு இருக்கும்னு வீடியோ பாத்து தெரிஞ்சுகிட்டு தேடினா அது பையன் பங்க் பெட்டுக்கு அடியில லெகோ மூட்டைக்கு பின்னாடி கெடக்கு. சுத்தி சுத்தி தோள்பட்டை போச்சு.

இப்ப விஷயம் என்னன்னா டிசம்பர்ல திருநெல்வேலிலருந்து மாமனார் மாமியார் வர்றாங்க, அவங்கள கூட்டிகிட்டு குவார்ட்ஸைட்ங்கற பாலைவன ஊர்ல அஞ்சு நாள் போடலாம்னு ப்ளான், மொத்தம் அஞ்சு பேரு. கடைல கேட்டா லித்தியம் பேட்டரி ரெண்டு, கூரைல 400 வாட் சோலார், 3000 வாட் இன்வெர்ட்டர், எல்லாம் சேத்து 4,000 டாலர்ங்கறான். இதெல்லாம் அவசியமா? ஜெனரேட்டர் மட்டும் வாங்கினா போதுமா? இருக்கறது ட்ரெய்லர் கூடவே வந்த ஒரே ஒரு பேட்டரி, மேல குரூப் 24ன்னு போட்டிருக்கு. ஃப்ரிட்ஜ் கேஸ்லயும் ஓடற டைப்பு.

வண்டிக்காரன்72

தம்பி, மொதல்ல ஒண்ணு. உங்க ஹீட்டர் கெட்டுப்போகல, கேஸும் தீரல. ட்ரெய்லர் ஹீட்டர்ல நெருப்பு கேஸ்ல எரியும், ஆனா சூட்ட தள்ளற ஃபேன் பேட்டரில ஓடும். அந்த ஃபேன் காத்துல ஒரு சின்ன தகடு அசைஞ்சாத்தான் கேஸ் தொறக்கும், பாதுகாப்புக்கு அப்படி வெச்சிருக்கான். பேட்டரி எறங்கிட்டா ஃபேன் மெதுவா சுத்தும், தகடு அசையாது, கேஸ் வராது. டிக்கு டிக்குன்னு கேட்டதும் அதனாலதான் இருக்கும்.

கணக்கு பாருங்க. குரூப் 24ங்கறது பேட்டரி சைஸு, அந்த சைஸ்ல சாதாரண லெட் ஆசிட்னா புதுசுல ஒரு 80 ஆம்ப் அவர் (ஒரு ஆம்ப் ஒரு மணி நேரம் இழுத்தா ஒரு ஆம்ப் அவர்), அதுல பாதிதான் எடுக்கணும், அதுக்கு கீழ போனா பேட்டரி ஆயுசு கொறையும், ஆக கைல இருக்கறது 40. ஹீட்டர் ஃபேன் ஓடும்போது சுமார் 7 ஆம்ப் இழுக்கும். அந்த குளிர்ல ராத்திரி 8லருந்து காலைல 6 வரைக்கும் பாதி நேரம் ஓடினாலே 35 போயிடும். அப்புறம் கேஸ் டிடெக்டர், ஃப்ரிட்ஜ் போர்டு, லைட்டு, தண்ணி மோட்டார். இன்வெர்ட்டர் எதாவது மாட்டி ஆன்லயே விட்டிருந்தீங்களா? சும்மா ஆன்ல இருந்தாலே மணிக்கு ஒண்ணு ஒண்ணரை ஆம்ப் தின்னும். செகண்ட் ஹாண்ட் பேட்டரி வேற, அதுல 80 எங்க இருக்கப்போவுது, மூணு மணி வரைக்கும் ஓடினதே பெருசு.

ஜாக்கி மேட்டர்ல, அடுத்த தடவை கை வலிக்க சுத்தாதீங்க. ட்ரக்க பக்கத்துல கொண்டாந்து ஜம்பர் கேபிள்ல ட்ரெய்லர் பேட்டரிக்கு குடுங்க, ஜாக்கியும் ஸ்லைடும் ரெண்டு நிமிஷத்துல வேலை செய்யும். ட்ரக்கையும் ட்ரெய்லரையும் இணைக்கற ஏழு பின் வயர் வழியா சார்ஜ் ஏறும்னு நம்பாதீங்க, அந்த வயர் ஒல்லி, அவ்ளோ தூரத்துல சொட்டு சொட்டாத்தான் ஏறும். இன்னொன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ட்ரெய்லர் கழண்டு ஓடினா தானா பிரேக் புடிக்கற அமைப்பும் அதே பேட்டரிலதான் வேலை செய்யுது, அதனால செத்த பேட்டரியோட ஐ-17 ஹைவே எறக்கத்துல எறங்கறது ரொம்ப தப்பு.

என்ன வாங்கணும்னா, என் கருத்து, லித்தியம் 100 ஆம்ப் அவர் பேட்டரி ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு. அதுல 80, 90 வரைக்கும் எடுக்கலாம், அதாவது இப்ப இருக்கறத விட ரெண்டு மடங்கு. ஆனா உங்க ட்ரெய்லர்ல இருக்கற சார்ஜர் லித்தியத்துக்கு ஏத்ததான்னு பாத்துக்கோங்க, பழசா இருந்தா முழுசா ஏத்தாது. உறைநிலைக்கு கீழ லித்தியத்த சார்ஜ் பண்ணவும் கூடாது, நல்ல பேட்டரின்னா அதுவே கட் பண்ணிக்கும். குவார்ட்ஸைட்ல அந்த தொல்லை கம்மி, ஃப்ளாக்ஸ்டாஃப் 7,000 அடி, அங்க காலைல யோசிக்கணும்.

சோலார கூரைல போட வேண்டாம். டிசம்பர்ல சூரியன் தாழ்வா போகும், படுக்க வெச்ச பேனல்ல பாதிதான் கெடைக்கும். மடக்கற 200 வாட் பேனல் ஒண்ணு வாங்கி தெக்க பாத்து ஒரு 50 டிகிரி சாய்ச்சு வைங்க, அரிசோனா வெயிலுக்கு ஒரு நாளைக்கு 50 ஆம்ப் அவர் போல வரும். நெழல் ஒரு ஓரத்துல விழுந்தாலும் அடி வாங்கும், அதனால நீள வயர் எடுத்துக்கோங்க, ட்ரெய்லர் ஒரு பக்கம் பேனல் ஒரு பக்கம் இருக்கட்டும்.

சேலத்துப்பொண்ணு

எல்லாரும் பேட்டரி பேட்டரின்னு பேசுறீங்க, அஞ்சு பேரு அஞ்சு நாள்னா மொதல்ல கைய விரிக்கறது தண்ணி டேங்க்தான். நாங்க டெக்சஸ்லருந்து வருஷம் ரெண்டு தடவை நியூ மெக்ஸிகோ பக்கம் போறோம், நான் அடிபட்டு கத்துகிட்டது இது.

உங்க சைஸ் ட்ரெய்லர்ல நல்ல தண்ணி ஒரு 40 கேலன் இருக்கும். ஆளுக்கு மூணு கேலன்னு ரொம்ப கட்டுப்பாடா இருந்தாலே ஒரு நாளைக்கு 15, மூணு நாள் கூட வராது. அதுக்கு முன்னாடியே பாத்திரம் கழுவற தண்ணி விழற டேங்க் ரொம்பி ஷவர் ஓட்டை வழியா பேக் அடிக்கும், பாத்தா பருக்கை மெதக்கும், அய்யோ அந்த காட்சி வேண்டாம். அதனால 7 கேலன் கேன் ரெண்டு மூணு எக்ஸ்ட்ரா கொண்டுபோங்க, ரொம்பினா ஒண்ணு கிட்டத்தட்ட 60 பவுண்டு, மாமனார தூக்க விட்ராதீங்க.

சமையல்ல நான் பண்றது: தட்டு, கரண்டி, குழம்பு பாத்திரம் எல்லாத்தையும் மொதல்ல பேப்பர் டவல்ல நல்லா வழிச்சுட்டுத்தான் கழுவுவேன். எண்ணெயும் சாம்பாரும் அந்த டேங்க்குக்குள்ள போச்சுன்னா மூணாவது நாள் வர்ற நாத்தத்துக்கு எந்த கெமிக்கலும் பத்தாது. அரிசி களைஞ்ச தண்ணி, ஷவர்ல சூடு வர்ற வரைக்கும் போற பச்சத்தண்ணி எல்லாம் ஒரு பக்கெட்ல புடிச்சு வெச்சு டாய்லெட்டுக்கு ஊத்துவோம். பாத்திரம் கழுவின டேங்க் தண்ணிய வெளிய மண்ணுல தொறந்து விடறவங்களும் இருக்காங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க.

டாய்லெட் பத்தி மாமியார்கிட்ட எப்படி சொல்றதுன்னு நீங்க முழிப்பீங்க, அதனால நானே சொல்லிடறேன். ட்ரெய்லர்காரங்க பலபேர் தண்ணிய மிச்சம் புடிக்கறேன்னு கொஞ்சமா ஊத்துவாங்க, டாய்லெட் டேங்க் அடியில கூம்பு மாதிரி குமிஞ்சு கெட்டியாயி டம்ப் பண்ணும்போது, அதாவது டேங்க்க காலி பண்ணும்போது, எறங்காது. நம்ம ஆளுங்க சொம்பு தண்ணி ஊத்தி கழுவறது அந்த டேங்க்குக்கு நல்லதுதான், அவங்கள கண்டுக்காம விடுங்க. போறதுக்கு முன்னாடியே அதுல ரெண்டு மூணு கேலன் தண்ணி ஊத்திட்டு போங்க. சுவத்துல லைட்டு எரியுமே டேங்க் ரொம்பிச்சான்னு, அத நம்பாதீங்க, எங்களுது எப்பவும் முக்காவாசின்னுதான் காட்டும்.

மிக்ஸி கொண்டுபோகாதீங்க. 750 வாட் மிக்ஸி ஓட்டினா பேட்டரிலருந்து 60 ஆம்ப்க்கு மேல இழுக்கும், லெட் ஆசிட் பேட்டரின்னா இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்தி ஆஃப் ஆயிடும். சட்னி வீட்லயே அரைச்சு சின்ன டப்பால ஃப்ரீசர்ல போட்டுடுங்க. குக்கர் மட்டும் கண்டிப்பா எடுத்துக்கோங்க, கேஸ் மிச்சம், உசரமான எடத்துல குக்கர் இல்லாம துவரம்பருப்பு வேகவே வேகாது.

சும்மா_ஒருத்தன்

வண்டிக்காரன் அண்ணன் சொன்னதெல்லாம் சரி ஆனா ஜெனரேட்டர ஒரேயடியா விட்டுட்டாரு. வயசானவங்கள கூட்டிகிட்டு போறீங்க, ரெண்டு நாள் மேகமூட்டம் போட்டா பேனல வெச்சு என்ன பண்ணுவீங்க. 2200 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒண்ணு இருந்தா காலைல காபி போடற நேரத்துல ஒரு மணி ஒண்ணரை மணி நேரம் ஓட்டினா பேட்டரி கெத்தா ஏறிடும். லெட் ஆசிட்னா கடைசி 20 சதவீதம் ஆமை மாதிரி ஏறும், அதுக்கு ஜெனரேட்டர ஓட்டி பெட்ரோல வீணாக்காம சோலார்கிட்ட விட்டுருங்க. உசரம் ஏற ஏற பவர் கொறையும், 1,000 அடிக்கு மூணரை சதவீதம்னு வெச்சா ஃப்ளாக்ஸ்டாஃப்ல கால்வாசி போச்சு. ஜன்னலுக்கு கீழ வெக்காதீங்க, புகை உள்ள வந்தா தெரியவே தெரியாது, கார்பன் மோனாக்ஸைடு அலாரம் தேதி முடிஞ்சிருக்கான்னு பாருங்க, செகண்ட் ஹாண்ட் வண்டில பெரும்பாலும் முடிஞ்சிருக்கும். குளிருதுன்னு அடுப்ப பத்தவெச்சு சூடு காயற வேலையும் வேண்டாம். பட்டி ஹீட்டர்னு பேட்டரி தேவையில்லாத சின்ன கேஸ் ஹீட்டர் வாங்கினா கூரை வென்ட் ஒரு இஞ்ச் தொறந்து வைங்க, 7,000 அடிக்கு மேல அது சில நேரம் தானா அணைஞ்சுடும்.

கேஸும் கணக்கு போடுங்க. 20 பவுண்டு சிலிண்டர்ல 30,000 பிடியூ (சூட்ட அளக்கற கணக்கு) ஹீட்டர் விடாம ஓடினா 14 மணி நேரம்தான். ராத்திரிக்கு அஞ்சு மணி நேரம்னா மூணு ராத்திரில ஒரு சிலிண்டர் காலி. ரெண்டு சிலிண்டரும் ஃபுல்லா இருக்கணும்.

இடத்துக்கு, குவார்ட்ஸைட்ட சுத்தி பிஎல்எம்ங்கற அரசாங்க துறையோட நிலத்துல 14 நாள் வரைக்கும் இலவசமா போடற எடம் நெறைய இருக்கு. ஆனா முத தடவை, அதுவும் மாமனார் மாமியாரோடன்னா, ஊருக்கு தெக்க ஹைவே 95 ஓரமா இருக்கற லா போசாவுக்கு போங்க. நாங்க போனப்ப 14 நாளைக்கு 40 டாலர், சீசன் முழுக்க, அதாவது செப்டம்பர் 15லருந்து ஏப்ரல் 15 வரைக்கும் 180. கரண்டு கெடையாது, ஆனா தண்ணி புடிக்கவும் டம்ப் பண்ணவும் அங்கயே வசதி இருக்கு, அக்கா சொன்ன பாதி கவலை அங்கயே தீந்துடும். மணல் ஓடை மாதிரி தாழ்வா இருக்கற எடத்துல மட்டும் போடாதீங்க, பாக்க சமமா அழகாத்தான் இருக்கும், எங்கயோ பெய்ஞ்ச மழை அங்க வந்து நிக்கும்.

வண்டிக்காரன்72

ஜெனரேட்டர் வேண்டாம்னு நான் எங்க சொன்னேன், மொதல்ல பேட்டரின்னேன். நடு பாலைவனத்துல அமைதிக்குத்தான் போறோம், பக்கத்து ட்ரெய்லர்காரன் ராத்திரி பத்து மணிக்கு டுர்ர்ருன்னு ஓட்டினா எப்படி இருக்கும்.

தம்பி, எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. வீட்டு டிரைவ்வேலயே ட்ரெய்லருக்கு வர்ற வீட்டு கரண்டு வயர புடுங்கிட்டு ஒரு ராத்திரி உள்ள படுங்க. சார்ஜர்லருந்து கழட்டி ஒரு ரெண்டு மணி நேரம் கழிச்சு எல்லாத்தையும் அணைச்சுட்டு மீட்டர் வெச்சு வோல்ட் பாருங்க, 12.6க்கு மேல இருந்தா ஃபுல், 12.1னா பாதி. காலைல மறுபடி பாருங்க.

பாலைவன_மாப்ள

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணன் சொன்ன மாதிரி வெள்ளிக்கிழம ராத்திரி டிரைவ்வேல படுத்தேன், பக்கத்து வீட்டுக்காரர் வைஃப் கூட சண்டையான்னு கேட்டுட்டு போனாரு. 12.7ல ஆரம்பிச்சு காலைல 12.0, இத்தனைக்கும் இங்க அவ்ளோ குளிர் கூட இல்ல, ஹீட்டர் நாலஞ்சு தடவைதான் போட்டுச்சு. எங்கடா போகுதுன்னு தேடினா பழைய ஓனர் மாட்டின இன்வெர்ட்டர் சோஃபாவுக்கு அடியில எப்பவும் ஆன்லயே இருந்திருக்கு. டிவி பக்கத்துல ஆன்டெனா பூஸ்டர்னு ஒரு குட்டி பட்டன், அதுல பச்ச லைட்டு எரிஞ்சுகிட்டே இருக்கு, வாங்கின நாள்லருந்து அது என்னன்னே தெரியாம இருந்தேன். ரெண்டையும் அணைச்சு, சார்ஜ் ஏத்தி, சனிக்கிழம மறுபடி படுத்தேன், காலைல 12.3.

இப்போதைக்கு லித்தியம் 100 ஒண்ணு, அதுக்கு ஏத்த சார்ஜர், மடக்கற 200 வாட் பேனல். ஜெனரேட்டர் ஆபீஸ் நண்பர்கிட்ட இருக்கு, அஞ்சு நாளைக்கு கடன் கேட்டிருக்கேன். லா போசாதான் போறோம். கைப்பிடிய கதவு பக்கத்துல மாட்டிட்டேன். அக்கா, மாமியாருக்கு இட்லி இல்லாம ஓடாது, மாவு எப்படி எடுத்துட்டு போறது? ஐஸ் பெட்டில வெச்சா புளிக்காது, வெளிய வெச்சா ராத்திரி குளிரு.

சேலத்துப்பொண்ணு

வீட்ல அரைச்சு உப்பு போட்டு கரைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சு கொண்டுபோங்க. வேணும்ங்கற நாளுக்கு முன்னாடி நாள் காலைல டப்பாவ ட்ரக் முன் சீட்ல வெச்சு கண்ணாடி ஏத்தி விட்டுருங்க, வெயிலுக்கு சாயங்காலத்துக்குள்ள பொங்கிடும். பாதி டப்பாவுக்கு மேல ஊத்தாதீங்க, கீழ ஒரு தட்டு வைங்க. எங்க சீட்ல இன்னும் அந்த வாசனை போகல.