மூன்று சேனல் பிராக்கிதெரபிக்கு (உடலுக்குள் கதிர்மூலம் வைக்கும் சிகிச்சை) 77772 என்ற பில்லிங் கோடு வருமா?

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு): அமெரிக்க மருத்துவ இன்சூரன்ஸ் கிளைம். கருப்பைவாய்ப் புற்றுநோய், டேண்டமும் (கருப்பைக்குள் போகும் குழாய்) இரண்டு ஓவாய்டும் (கருப்பைவாயின் இரு பக்கமும் வைப்பவை) வைத்து இரிடியம்-192 எச்டிஆர் (உயர் டோஸ் வேக) சிகிச்சை. கதிர்மூலம் 15 இடங்களில் நின்றதால் 77772, கூடவே 77300 (அடிப்படை டோசிமெட்ரி, அதாவது கதிர் அளவுக் கணக்கு) போட்டோம். டினையல் (கிளைம் மறுப்பு) வந்துவிட்டது. எங்கே தவறு?

பதில் 1: நிற்கும் இடங்களை எண்ணக் கூடாதுங்க, சேனலைத்தான் (கதிர்மூலம் போகும் பாதை) எண்ணணும். டேண்டம் ஒன்று, ஓவாய்டு இரண்டு, ஆக மூன்று. 2 முதல் 12 வரை 77771. பன்னிரண்டைத் தாண்டினால்தான் 77772. அடிப்படை டோசிமெட்ரி அந்தக் கோடுக்குள்ளேயே அடக்கம், அதனால்தான் 77300 அடிபட்டது.

பதில் 2: அண்ணா சொன்னது சரி. சிகிச்சை பிளானுக்கும் அதே சேனல் கணக்கு, 77317. கருவி பொருத்தியதற்கு 57155. டாக்டரின் புரொசீஜர் நோட் கையில் இல்லாமல் அதைத் தயவுசெய்து போடாதீங்க.

கேட்டவர்: எங்கள் சார்ஜ் ஷீட்டில் (பில்லுக்கான கோடு பட்டியல்) 77786 இன்னும் இருக்கே?

பதில் 1: அது 77771-க்கு முன்னாடி இருந்த கோடு, 2016லேயே போயிடுச்சு. இன்றைக்கே எடுத்துடுங்க.