சாகேலில் மரம் நடுவதா, வெட்டிய கட்டையைத் துளிர்க்க விடுவதா?

கதிரேசன்:
பசுமைப் பெருஞ்சுவர் வெறும் விளம்பரம் என்று சென்ற வாரம் இங்கே எழுதப்பட்டதை என்னால் ஏற்க இயலவில்லை. சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பான சாகேலில், செனகலின் டக்காரிலிருந்து ஜிபூட்டி வரை, கண்டத்தின் குறுக்கே சுமார் 8,000 கிலோமீட்டருக்குப் பசுமைப் பட்டை அமைப்பதென ஆப்பிரிக்க ஒன்றியம் 2007-இல் முடிவெடுத்தது. 2030-க்குள் 10 கோடி ஹெக்டேர் நிலத்தைச் சீரமைப்பது என்ற இலக்கு பேராசைதான். ஆனால் அப்படியொரு பெரிய இலக்கு இல்லாமல், 2021-இல் 1,400 கோடி டாலருக்கு மேல் நிதி தருவதாக உலக நாடுகளும் வங்கிகளும் வாக்களித்திருக்குமா?

வறள்நிலம்:
எழுதியவன் நான்தான் ஐயா. வாக்களித்த பணத்தை விடுங்கள்; நிலத்தில் நடந்ததைப் பார்ப்போம். 2020-இல் வெளியான ஐ.நா. மதிப்பீட்டின்படி, சுவருக்கென்று குறிக்கப்பட்ட பகுதியில் சீரமைக்கப்பட்டது ஏறத்தாழ 40 லட்சம் ஹெக்டேர்தான்.

இதே சாகேலில், எந்தச் சுவரும் இல்லாமல், நைஜரின் மராடி, சிண்டர் வட்டாரங்களில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் விளைநிலத்தில் மரங்கள் திரும்பியிருக்கின்றன. டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் பணியாளர் அங்கே ஆண்டுக்கணக்கில் கன்றுகளை நட்டுப் பார்த்தார், பெரும்பாலானவை பட்டுப்போயின. 1983-இல் ஒருநாள், மணலில் வண்டி புதையாமலிருக்க டயர்களின் காற்றைக் குறைப்பதற்காக இறங்கியவர், களை என்று எல்லாரும் வெட்டித் தள்ளிக்கொண்டிருந்த புதரின் இலையை உற்றுப் பார்த்தபோதுதான், அது வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து வரும் துளிர் என்று அவருக்குத் தெரிந்தது. வேர் மண்ணுக்கடியில் உயிரோடு இருந்தது. நேராக வளரும் சில துளிர்களை விட்டுவிட்டு, மற்றவற்றை விறகுக்கு வெட்டிக்கொள்வது: முறை இவ்வளவுதான். நாற்றங்காலும் வேண்டாம், தண்ணீர் லாரியும் வேண்டாம்.

அப்படியானால் உழவர்கள் முன்பே ஏன் இதைச் செய்யவில்லை? பிரெஞ்சுக் காலனி ஆட்சி விட்டுச்சென்ற சட்டத்தின்படி, வயலில் நிற்கும் மரமும் அரசுக்கே சொந்தமாக இருந்தது. கிளையை வெட்டினால் வனத்துறை அபராதம் விதித்தது. தனக்கு உரிமையில்லாத மரத்தை எவன் காப்பாற்றுவான்? கெடுபிடி தளர்ந்த பிறகுதான் மரம் பெருகியது. அந்த உரிமையை எழுத்தில் தரும் ஆணை நைஜரில் 2020-இல்தான் வந்தது.

கதிரேசன்:
கதை நன்றாக இருக்கிறது. ஆனால் 1990-களிலிருந்து சாகேலில் மழை ஓரளவு மீண்டதை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. மழை தந்த பசுமைக்கு உழவருக்கும் சட்டத்துக்கும் பாராட்டா?

வறள்நிலம்:
மழைதான் காரணமென்றால் எல்லையின் இருபுறமும் ஒரே மாதிரி பசுமை இருக்க வேண்டும். தெற்கு நைஜரையும் அதை ஒட்டிய வடக்கு நைஜீரியாவையும் செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்டவர்கள், மண்ணும் மழையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும், நைஜர் பக்கம்தான் மரங்கள் அடர்ந்திருப்பதைக் காட்டினார்கள். இத்தனைக்கும் மழை சற்றுக் கூடுதலாகப் பெய்வது தெற்கே உள்ள நைஜீரியாவில்தான்.

மலர்விழி:
இருவரும் உழவரைப் பற்றியே பேசுகிறீர்கள். செனகலின் ஃபெர்லோ மேய்ச்சல் நிலம். அங்கே வாழ்பவர்கள் ஃபுலானி மேய்ப்பர்கள். விடூ தியெங்கோலி போன்ற ஊர்களில், பெருஞ்சுவருக்காகப் பிசின் தரும் வேல மரக் கன்றுகளை நட்டுக் கம்பிவேலி போட்டு, அவை தலையெடுக்கும்வரை சில ஆண்டுகளுக்கு ஆடுமாடுகளை உள்ளே விடாமல் தடுக்கிறார்கள். வறட்சியில் மந்தையை எங்கு வேண்டுமானாலும் ஓட்டிச்செல்ல முடிவதுதான் மேய்ப்பரின் ஒரே காப்பீடு. அந்த வழியை மறித்த பிறகு, மரம் பிழைத்ததா என்று மட்டும் எண்ணுவது என்ன கணக்கு?

கதிரேசன்:
வேலி இல்லையென்றால் வெள்ளாடு ஒரு கன்றையும் விட்டுவைக்காது, அம்மா. வேலிக்குள் வளரும் புல்லை அறுத்துக்கொள்ள அங்கே அனுமதி உண்டு; பெண்களுக்குக் காய்கறித் தோட்டங்களும் அமைத்திருக்கிறார்கள். வறள்நிலம் அவர்களுக்கு ஒரு கேள்வி: அடிக்கட்டையே செத்துவிட்ட இடத்தில் எது துளிர்க்கும்? புர்கினா ஃபாசோவின் யகூபா சவடோகோ, பாறையாக இறுகிய தரையில் கோடையிலேயே குழிதோண்டிச் சாணமிட்டார். கரையான் வந்து மண்ணைத் துளைத்தது, மழைநீர் இறங்கியது, தானியத்தோடு மரமும் முளைத்தது. அது சும்மா விட்டு வந்த காடா? ஆண்டுக்கணக்கில் சிந்திய வியர்வை.

வறள்நிலம்:
வியர்வையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சவடோகோவின் வியர்வை, அவர் தேர்ந்த முறை. தலைநகரிலிருந்து வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்து அவரை யாரும் தோண்டச் சொல்லவில்லை. பின்னாளில் நகரம் விரிந்து, அவர் வளர்த்த காட்டின் ஒரு பகுதியையே மனைகளாக்க அளந்தபோது அவரால் தடுக்க முடியவில்லை, ஏனெனில் நிலத்தின் உரிமை அவரிடம் இல்லை. வாக்களித்த 1,400 கோடி டாலரில் இந்த உரிமைக்கென ஒதுக்கியது எவ்வளவு என்று சொல்லுங்கள். கன்றுக் கணக்கைப் பிறகு பேசலாம்.