முழுப் பக்கம் யாருக்கு? எங்கள் ஃபேன்டசி லீக்கின் பச்சை மைப் பெயர்கள்

சென்னை, நோட்டு வைத்திருப்பவன்

ஃபேன்டசி பிரீமியர் லீக் ஆடுபவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். புதியவர்களுக்கு மட்டும்: 10 கோடி பவுண்டு கற்பனைப் பணத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்கள் 15 பேரை வாங்கி, வாரா வாரம் 11 பேரை இறக்க வேண்டும். அவர்கள் மைதானத்தில் நிஜமாகச் செய்வது நமக்குப் புள்ளியாக வரும். ஒருவரைக் கேப்டனாக்கினால் அவர் புள்ளி இரட்டிப்பு.

நண்பர்களுக்குள் புள்ளிகளை ஒப்பிட்டுப் போட்டியிடும் எங்கள் மினி லீக் 2011-ல் ஹாஸ்டலில் ஆறு பேரோடு தொடங்கியது. இப்போது 11 பேர், ஐந்து ஊர்களில் இருக்கிறோம். என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது, மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த மாதிரி. யார் முதலிடம், யார் கடைசி, யார் யாருக்குப் பிரியாணி வாங்கித் தர வேண்டும், எல்லாம் அதில்தான். அதிலேயே சில ஆட்டக்காரர்களுக்கு முழுப் பக்கம் ஒதுக்கி, பெயரைப் பச்சை மையில் எழுதியிருக்கிறோம். அதிகப் புள்ளி எடுத்ததற்காக இல்லை. எங்களில் ஒருவர் "இவருக்குப் பக்கம் வேண்டும்" என்று கேட்டு, காரணத்தையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சரி என்றால் பேனாவை எடுப்பேன். முதல் சில பக்கங்களில் மை வெளுக்க ஆரம்பித்துவிட்டது. அதனால் அவரவர் சொன்ன காரணத்தை அவரவரே ஒருமுறை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தேன். வந்தவற்றை வந்தபடியே போடுகிறேன்.

என்னுடையது முதலில். 2015 மே 24, கடைசி வாரம். ஸ்டீவன் ஜெரார்டுக்கு லிவர்பூலில் கடைசி ஆட்டம், ஃபிராங்க் லேம்பார்டுக்கு பிரீமியர் லீக்கிலேயே கடைசி ஆட்டம். இரண்டு பேரும் அமெரிக்காவுக்குப் போகிறார்கள். எனக்கும் என் அறை நண்பனுக்கும் முதலிடத்துக்கு நேரடிப் போட்டி. புத்திசாலித்தனமாக ஆடினால் இருவருமே மான்செஸ்டர் சிட்டியின் அகுவேரோவைத்தான் கேப்டனாக்க வேண்டும். டெட்லைனுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவன் சொன்னான்: "மச்சான், நீ ஜெரார்டைப் போடு, நான் லேம்பார்டைப் போடுறேன். யார் ஜெயிச்சாலும் சரி." அவன் செல்சியை நேசித்தே வளர்ந்தவன். லேம்பார்ட் மான்செஸ்டர் சிட்டி சட்டையில் ஆடியது அவனுக்கு அந்த வருடம் முழுக்க உறுத்தல். ஆனாலும் போட்டான்.

டிவியில் ஒரு ஆட்டம், லேப்டாப்பில் ஒரு ஆட்டம். லேம்பார்ட் கேப்டன் பட்டையோடு இறங்கி முதல் பாதியிலேயே கோல் அடித்தார். அவருடைய 177-ஆவது பிரீமியர் லீக் கோல். என் பக்கம் ஸ்டோக் மைதானத்தில் இடைவேளைக்குள் லிவர்பூல் ஐந்து கோல் வாங்கியிருந்தது. நான் லேப்டாப்பை மூடப் போனேன், அவன்தான் கையைப் பிடித்துத் தடுத்தான். இரண்டாம் பாதியில் ஜெரார்ட் ஒரு கோல் போட்டார். 6-1 என்று தோற்ற ஆட்டத்தில் அந்த ஒன்று அவருடையது. அவர் கொண்டாடவே இல்லை, பந்து வலைக்குள் போனதும் திரும்பி நடந்தார். அன்று ராத்திரிதான் நோட்டில் முதல் இரண்டு முழுப் பக்கம் எழுதினோம். விடைபெறுகிறவருக்குக் கடைசி வாரம் ஒருவராவது கேப்டன் பட்டை கட்ட வேண்டும் என்ற வழக்கமும் அன்றைக்கு வந்ததுதான்.

*

கோவை

எனக்கு மிச்சு. இன்றைக்கு ஆடும் பிள்ளைகளிடம் இந்தப் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்கிறார்கள், அதனால்தான் பக்கம் வேண்டும் என்று அடம்பிடித்தேன். 2012-ல் ஸ்வான்சி இவரை ஸ்பெயினின் ராயோ வயெகானோவிடமிருந்து சுமார் 20 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஃபேன்டசியில் விலை 6.5 மில்லியன், அதாவது 65 லட்சம் பவுண்டு, அதுவும் மிட்ஃபீல்டர். முதல் ஆட்டத்திலேயே குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக இரண்டு கோல். அந்த சீசன் லீக்கில் மட்டும் 18. ஒவ்வொரு கோலுக்கும் காதருகே கையைத் திருகிக் காட்டுவார். எங்கள் மெஸ்ஸில் சாம்பார் வாளி வந்தால்கூட அதே மாதிரி கையைத் திருகுவோம்.

அப்புறம் கணுக்கால் காயம். ஒரு சீசனில் பாதி ஆட்டம், அதற்கடுத்து அதுவும் இல்லை. 2017-ல் 31 வயதில் ஓய்வை அறிவித்தார். நான் அப்போது வேலைக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அலுவலக கேன்டீனில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு செய்தியைப் படித்தேன், டீ ஆறிப்போனது. 20 வயதில் நமக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்தவர் யாருக்கும் தெரியாமல் போய்விடுவாரோ என்று பதறிவிட்டது. அன்றைக்கே போன் போட்டு நோட்டை எடுக்கச் சொன்னேன்.

*

திருச்சி

சுருக்கமாகச் சொல்கிறேன். ஜான் லண்ட்ஸ்ட்ரம், ஷெஃபீல்ட் யுனைடெட், 2019-20. விலை 4.0, அதாவது பட்டியலிலேயே மிகக் குறைவான விலை. பட்டியலில் டிஃபெண்டர், ஆடியது நடுக்களத்தில். டிஃபெண்டர் கோல் போட்டால் ஆறு புள்ளி. நவம்பரில் பர்ன்லியை 3-0 என்று ஜெயித்தபோது இரண்டு கோல் அவருடையது, கூடவே கோல் வாங்காததற்கான கிளீன் ஷீட் புள்ளியும் சேர்ந்தது. போனஸ் இல்லாமலே 18 வருகிறது.

எனக்கு அந்த வருடம் வேலை போயிருந்தது. வீட்டில் பாதி நாள் யாரோடும் பேசமாட்டேன். மலிவு என்று ஒதுக்கப்பட்டவன் வாரா வாரம் இறங்கி ஆடுவதைப் பார்ப்பது எனக்கு அப்போது தேவையாக இருந்தது. அவர் ஐந்து லீக் கோல் போட்டார். ஐந்தும் எனக்கு நினைவிருக்கிறது.

*

மதுரை

2021 மே 23. எனக்குக் கொரோனா, மாடி அறையில் தனியாக இருந்தேன். மறுநாளிலிருந்து தளர்வில்லாத ஊரடங்கு என்று அறிவித்திருந்ததால் அன்று ஞாயிற்றுக்கிழமையிலும் கீழே தெரு முழுக்க காய்கறி வாங்குகிற கூட்டம். சாப்பாட்டுத் தட்டை அம்மா படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார்.

செர்கியோ அகுவேரோவுக்கு சிட்டியில் கடைசி லீக் ஆட்டம். வழக்கப்படி யாராவது அவருக்குக் கேப்டன் பட்டை கட்ட வேண்டும். சீசன் முழுக்கக் காயம், முழங்கால் அறுவை சிகிச்சை வேறு. தொடக்க அணியில் இருப்பாரா என்பதே சந்தேகம். இதில் ஒரு சிக்கல் உண்டு. கேப்டன் இறங்கவே இல்லையென்றால் துணைக் கேப்டனுக்கு இரட்டிப்பு போய்விடும், நஷ்டமில்லை. ஆனால் ஒரே ஒரு நிமிடம் இறங்கினாலும் கேப்டன் அவர்தான், அந்த ஒற்றைப் புள்ளிதான் இரண்டாகும். நான்காவது இடத்தில் இருந்த எனக்கு அது பெரிய விலை. ஆனால் 2012 மே மாதம், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அவர் கோல் அடித்து சிட்டிக்குப் பட்டம் வாங்கித் தந்தபோது ஹாஸ்டல் டிவி அறையில் என்னைத் தோளில் தூக்கியவர்கள் நீங்கள்தான். அவரை விட்டுவிட மனம் வரவில்லை, போட்டேன்.

பெஞ்சில்தான் இருந்தார். 65-ஆவது நிமிடம் இறங்கினார். கொஞ்ச நேரத்துக்குள் ஒரு கோல், அடுத்த சில நிமிடத்தில் தலையால் இன்னொன்று. மொத்தம் 184. ஒரே கிளப்புக்காக பிரீமியர் லீக்கில் அதிகக் கோல் என்ற சாதனை வேய்ன் ரூனியிடமிருந்து அவர் கைக்கு வந்தது. நான் கத்தியதில் இருமல் பிடித்துக்கொண்டது. அம்மா பயந்துபோய் முகக்கவசத்தோடு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். "ஒண்ணுமில்லம்மா, அகுவேரோ கோல் போட்டுட்டார்" என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "நல்லா இருக்கட்டும்" என்றார். இந்த வரியைப் பக்கத்தில் கட்டாயம் எழுது.

*

லெஸ்டர்

எங்கள் 11 பேரில் ஓர் ஆட்டக்காரரின் விடைபெறுதலை நேரில் பார்த்தது நான் ஒருத்திதான். வேலைக்காக இங்கிலாந்தில் இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. வரும் முன்பே இந்த ஊரை எனக்குத் தெரியும், காரணம் லெஸ்டர் அணியின் ஜேமி வார்டி. 2015-16-ல் 6.0 விலைக்கு எடுத்தேன். தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் போட்டு ரூட் வான் நிஸ்டல்ரோயின் சாதனையை முறியடித்தார். ஆறு வாரம் வரை அவரைக் கேப்டனாக்கப் பயந்தவள் நான், ஏழாவது வாரத்திலிருந்து மாற்றவே இல்லை. அந்த வருடம் லெஸ்டருக்குப் பட்டம், எனக்கும் நம் லீக்கில் முதலிடம்.

2025 மே 18, இப்ஸ்விச்சுக்கு எதிரான ஆட்டம். லெஸ்டர் ஏற்கெனவே பிரீமியர் லீக்கிலிருந்து கீழ்ப்பிரிவுக்குத் தரமிறங்கிவிட்டது. கடைசி வாரம் வெளியூர் ஆட்டம் என்பதால், சொந்த மைதானத்தில் ஆடும் இதுவே தன் கடைசி ஆட்டம் என்று வார்டி முடிவு செய்திருந்தார். அதனால்தான் நம் 38-ஆவது வார வழக்கத்தை அவருக்காக மட்டும் 37-க்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன், எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். லெஸ்டர் சட்டையில் அது அவருக்கு 500-ஆவது ஆட்டம். முதல் பாதியிலேயே கோல் போட்டார், அது 200-ஆவது கோல். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே மஃப்ளரால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. மகள் என்னைப் பார்த்து, "தாத்தா ஏன் அழுறார், கோல்தானே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

*

மறுபடி சென்னை, வேறொருத்தி

கடைசிப் பக்கம் நான் கேட்டது. டியோகோ ஜோட்டா.

2020 செப்டம்பரில் வுல்வ்ஸிலிருந்து லிவர்பூல் வந்தார். ஆர்சனலுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்திலேயே மாற்றாக இறங்கி கோல். அன்றிலிருந்து என் அணிக்குள் வந்தும் போயும் இருந்தார். எங்கள் குழுவில் "ஜோட்டாவை எடுத்தால் காயம், விற்றால் கோல்" என்பார்கள். 2021-22-ல் லீக்கில் 15 கோல். மிட்ஃபீல்டர் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. 2025 ஏப்ரல் 2, அதே ஊர் அணியான எவர்ட்டனோடு நடந்த டெர்பியில் 1-0 என்று ஜெயித்த கோல் அவருடையது. அதற்கு முந்தைய வாரம்தான் நான் அவரை விற்றிருந்தேன். போன புள்ளி போகட்டும், அடுத்த சீசன் முதல் வாரமே எடுத்துக்கொள்கிறேன் என்று குழுவில் எழுதினேன். அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது.

லிவர்பூலுக்காக அவர் போட்ட கடைசி கோல் அது. ஜூலை 3, ஸ்பெயினில் சமோரா மாகாணத்தில் கார் விபத்தில் தம்பி ஆந்த்ரே சில்வாவோடு இறந்துபோனார். 28 வயது. கல்யாணம் முடிந்து 11 நாள். அன்று மதியம் எங்கள் குழுவில் யாருமே எழுத்தில் எதுவும் போடவில்லை. நோட்டு வைத்திருப்பவன் மட்டும் போனில் கூப்பிட்டான். "பச்சை மை எடுக்கட்டுமா?" என்று கேட்டான். "இன்னைக்கு வேண்டாம்" என்றேன்.

லிவர்பூல் அவருடைய 20-ஆம் எண்ணை எல்லா நிலை அணிகளிலும் நிரந்தரமாக நிறுத்திவைத்தது. ஃபேன்டசியில் நம்மால் யாருடைய எண்ணையும் நிறுத்த முடியாது. அதனால் புதிய சீசனின் முதல் வாரத்துக்கு 11 பேரும் அணிப் பெயரை "ஜோட்டா 20" என்று மாற்றினோம். புள்ளிப் பட்டியலைத் திறந்தால் முதலிடத்திலிருந்து கடைசி இடம் வரை அந்த ஒரே பெயர்தான்.

ஆகஸ்ட் 15, போர்ன்மத்தோடு முதல் ஆட்டம். நமக்கு நள்ளிரவு 12:30. வீடியோ காலில் எல்லோரும் இருந்தோம். 20-ஆவது நிமிடம் மைதானம் முழுக்க எழுந்து கைதட்டி அவருடைய பாட்டைப் பாடினார்கள். எல்லா வீட்டிலும் அதே சத்தம், வீட்டுக்கு ஒரு விதத் தாமதத்தோடு. லிவர்பூல் 4-2 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்தும் லிவர்பூலின் முகமது சாலா, ரசிகர்கள் முன்னால் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைத்தான் நான் கேப்டனாகப் போட்டிருந்தேன். அன்றைக்குப் புள்ளி எவ்வளவு வந்தது என்று இதுவரை பார்க்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் நோட்டை வாங்கி நானே எழுதினேன். டியோகோ ஜோட்டா, 20. மற்ற பக்கங்களில் எல்லாம் கீழே விலை, கோல், வாங்கிய தேதி இருக்கிறது. இதில் எதுவும் எழுதவில்லை. பேனாவை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். மை காயும் வரை நோட்டை மூடாமல் மேசை மேலேயே விரித்து வைத்திருந்தோம்.