வெள்ளவத்தையில் பழைய தொடர்மாடி வீடொன்றை வாங்கி வாடகைக்கு விடுவது பற்றி

கேள்வி – தெஹிவளை வாசி

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், ஏறக்குறைய இருபது வருடப் பழைமையுள்ள தொடர்மாடியின் இரண்டாம் மாடியில், இரண்டு அறை வீடொன்று 280 இலட்சம் ரூபாவுக்கு விலைக்கு வந்துள்ளது. 15 இலட்சம் செலவழித்துத் திருத்தி, மாதம் 110,000 ரூபா வாடகைக்கு விடலாம் என எண்ணியிருக்கிறேன். சமையலறையைப் புதிதாக்கினால் வாடகை கூடும் என்கிறார் தரகர். வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும், திருத்தப் பணத்தை எதில் போட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் – கொட்டாஞ்சேனை அன்பர்

சமையலறை பிறகு இருக்கட்டும். உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, முதலில் பாருங்கள். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி கட்டடத்தின் வரைபடம் பதிவாகியிருந்தால்தான் உங்கள் வீட்டுக்கெனத் தனி உறுதி கிடைக்கும். வெள்ளவத்தையில் சில கட்டடங்களுக்கு அந்தப் பதிவே இல்லாததால், விற்பவர் காணியில் பிரிபடாத பங்கொன்றை மட்டுமே எழுதித் தருவார். அதை ஈடாக வைத்து வங்கியில் கடன் பெறுவதும் கடினம், பின்னர் விற்பதும் கடினம். கட்டடம் அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டப்பட்டது என மாநகர சபை தரும் இணக்கச் சான்றிதழையும், காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளையும் உங்கள் சொந்த நொத்தாரிசை (உறுதி எழுதும் சட்டத்தரணியை) கொண்டு பார்ப்பியுங்கள், விற்பவரின் நொத்தாரிசை நம்பியிருக்க வேண்டாம். பழைய உரிமையாளர் சோலைவரியோ (மாநகர சபைக்கான சொத்து வரி) கட்டட நிர்வாகக் கட்டணமோ பாக்கி வைத்திருக்கிறாரா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்பதால் அதுவே 11 இலட்சத்து 19 ஆயிரம் ரூபா. திருத்தச் செலவோடு உங்கள் முதலீடு 306 இலட்சத்தைத் தாண்டிவிடும். வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் கிடைப்பது 12 இலட்சத்துச் சொச்சம், அதாவது முதலீட்டில் 4 வீதத்துக்கும் சற்றுக் குறைவு. நிர்வாகக் கட்டணமும் வரியும் இன்னும் கழியவில்லை. வாடகை வருமானத்தை மட்டும் நம்பி இந்த விலைக்கு வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பதில் – கட்டட மேற்பார்வையாளர்

15 இலட்சத்தில் பெரும்பகுதியைக் குளியலறைக்கு ஒதுக்குங்கள். வாங்குமுன் கீழ்வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, அவருடைய குளியலறைக் கூரையை அண்ணாந்து பாருங்கள். மஞ்சள் வளையமும் பூச்சு உப்பியிருப்பதும் தெரிந்தால், தண்ணீர் உங்கள் தரையிலிருந்துதான் இறங்குகிறது. அப்படியானால் பழைய தரை ஓடுகளுக்கு மேல் புதியவற்றை ஒட்டுவதில் பயனில்லை. ஓடுகளை முழுவதும் பெயர்த்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுப் பூசி, ஒரு நாளாவது தண்ணீர் தேக்கி வைத்துக் கீழே கசிகிறதா எனப் பார்த்த பிறகே மேசன் பாஸை ஓடு பதிக்க விடுங்கள்.

கடற்பக்கம் என்பதால் பல்கனித் தட்டின் அடியையும் பாருங்கள். துருநிறக் கோடு ஓடினால், உப்புக் காற்று கம்பியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அது பெரும்பாலும் பொதுப் பகுதியாகையால் உரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்தே திருத்த வேண்டிவரும். சமையலறைக்கு நல்ல சிங்க், உறுதியான அலுமாரிக் கதவுகள் போதும்.

மீண்டும் தெஹிவளை வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. வாடகைக்கு வருபவர் காலம் முடிந்தும் எழும்ப மறுத்தால் என்ன செய்வது?

பதில் – கொட்டாஞ்சேனை அன்பர்

ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன்னிலையிலேயே எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை அவ்வாறுதான் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. 2023இல் வந்த விசேட சட்டத்தின் கீழ், நொத்தாரிசு குத்தகை முடிந்தும் வெளியேறாதவருக்கு எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான நடைமுறையில் வழக்கிடலாம். கடையில் வாங்கிய படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு வைத்திருந்தால் அந்த வழி கிடைக்காது. மின்சார, நீர்க் கணக்குகள் உங்கள் பெயரில் இருக்கும் என்பதால் பாக்கியும் உங்கள் தலையிலேயே விழும். சாவி கொடுக்கும் நாளில் இரு மானிகளின் அளவையும் படமெடுத்து ஒப்பந்தத்தோடு இணையுங்கள். வைப்புப் பணத்தை இறுதிப் பட்டியல்கள் வந்த பின்னரே திருப்பிக் கொடுப்பேன் என்பதையும் அதில் எழுதுங்கள்.