கொலம்பியாவில் போலீஸ் ஏன் பட்டாளம் மாதிரி இருக்கிறது?

சிப்புட்_அக்கா:
வணக்கம். என் தம்பி இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை ஆலையில் பத்து வருடமாக பாய்லர்மேன். இப்போது கொலம்பியாவில் ஓர் ஆலைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் கிளம்புகிறான். அம்மா யூடியூபில் பச்சை உடுப்பும் நீளத் துப்பாக்கியுமாக நிற்கிறவர்களைப் பார்த்துவிட்டு, இது போலீஸா பட்டாளமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. ஒரு பிரச்சினை என்றால் அவன் யாரிடம் போவது? ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் போலீஸுக்கு கார்டியா, கராபினேரோ, நேசியொனால் என்று இத்தனை பெயர் ஏன்?

பனங்குலை:
அக்கா, நான் அங்கே மேத்தா பகுதியில் மூன்று வருடம் ஆலை வேலை பார்த்தேன். அம்மா பார்த்தது போலீஸாகவே இருக்கும். கொலம்பியாவில் நம் நாட்டைப் போலவே முழு நாட்டுக்கும் ஒரே போலீஸ்தான், 1891-இல் பிரான்சிலிருந்து கிலிபெர்ட் என்ற அதிகாரியை வரவழைத்து ஆரம்பித்தார்கள். ஆனால் நம் போலீஸ் உள்துறை அமைச்சின் கீழ் இருக்கிறது, அவர்களுடையது 1953-லிருந்து தற்காப்பு அமைச்சின் கீழ். கெரில்லாக்களோடும் போதைக் கும்பல்களோடும் பல பத்தாண்டுகள் மோதிய படை, அதனால்தான் அந்தத் தோற்றம். 2021-இல் நீல உடுப்பை அறிமுகப்படுத்தினார்கள், கிராமப்புறத்தைப் பார்க்கிற கராபினேரோஸ் பிரிவு பச்சையில்தான் வரும். தோட்டப் பக்கம் தம்பி பெரும்பாலும் இவர்களைத்தான் பார்ப்பான். டவுனில் 'காய்' என்று சின்னச் சின்ன காவல் சாவடிகள் இருக்கும், அங்கே நேராகப் போகலாம். அவசர எண் 123, போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் அதே எண்.

எஸ்சி_மகன்:
பெயர்கள் ஏன் இத்தனை என்று கேட்டீர்களே அம்மா, அதற்கு நான் சொல்கிறேன். என் அப்பா மலாயாவில் கம்யூனிஸ்டு கெரில்லாக்களோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் எஸ்.சி., ஸ்பெஷல் கான்ஸ்டபிள். 1948 ஜூன் 16-ஆம் தேதி உங்கள் ஊர்ப் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காவல் காக்க ஆயிரக்கணக்கான பேரை அப்படித்தான் எடுத்தார்கள். காக்கி உடுப்பு, ரைஃபிள், பெயர் மட்டும் போலீஸ்.

ஸ்பெயினில் இதே வேலைக்கு 1844-இல் எழும்பிய படைதான் கார்டியா சிவில், சாலைக் கொள்ளையரை அடக்கவும் கிராமப்புறத்தில் நிலக்காரர்களின் சொத்தைக் காக்கவும். அந்த அமைப்புமுறை கடல் தாண்டிப் போனது. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் 1912-இல் ஸ்பெயின் அதிகாரி ஒருவரையே வரவழைத்து கார்டியா நேசியொனாலை அமைத்தார்கள், அது காப்பித் தோட்ட முதலாளிகளுக்குக் காவலாக நின்றது. கூலி உயர்வு கேட்டுக் கூடியவனுக்கு முன்னால் வந்து நின்றதும் அதே படைதான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இதைப் படித்தபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை. 1980-களின் உள்நாட்டுப் போரில் அங்கே சுமார் 75,000 பேர் செத்தார்கள். 1992 ஜனவரியில் மெக்சிகோவின் சாபுல்தெபெக்கில் சமாதானம் கையெழுத்தானபோது அந்தப் படையைக் கலைத்துவிட்டு, சிவில் போலீஸ் என்று புதிதாக ஆரம்பித்தார்கள். ஆள் எடுத்த கணக்கைப் பாருங்கள்: பழைய போலீஸ்காரர் 20 விழுக்காடு, எதிரே நின்று சண்டை போட்ட கெரில்லாக்கள் 20 விழுக்காடு, மீதி 60 போரில் எந்தப் பக்கமும் நிற்காத பொதுமக்கள். நேற்று வரை ஒருவரையொருவர் சுட்டவர்கள் ஒரே ஸ்டேசனில் ஒரே உடுப்பில்! அதற்கப்புறமும் அந்த நாட்டில் பல வருடம் கும்பல் வன்முறை தொடர்ந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கிந்தா_வாசகர்:
எல்லா நாட்டையும் ஒரே கணக்கில் போட்டுவிடாதீர்கள். கோஸ்டா ரிக்கா 1948-இல் ராணுவத்தையே கலைத்துவிட்டது, அங்கே இருப்பது போலீஸ்தான். சிலியின் கராபினேரோஸ் 1927-இல் வந்தது, துப்பறிய அவர்களுக்கு வேறு போலீஸ் தனியாக உண்டு. ஸ்பெயினிலேயே பெரிய ஊர்களுக்கு நேசியொனால், நாட்டுப்புறத்துக்கு கார்டியா சிவில், அது போக கத்தலோனியாவுக்குச் சொந்தப் போலீஸ்.

சிப்புட்_அக்கா:
ரொம்ப நன்றி. ஐயா, எங்கள் தாத்தாவும் எஸ்.சி.தான், அந்த உடுப்பில் எடுத்த படம் வீட்டுக் கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. அதைக் காட்டி அம்மாவிடம் சொன்னேன், கொஞ்சம் சமாதானமானார். பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன செய்வது என்று இப்போது கேட்கிறார்.

பனங்குலை:
'தெனுன்சியா' என்ற சொல்லைத் தம்பிக்கு மனப்பாடம் செய்துவிடுங்கள் அக்கா, நாம் ரிப்போர்ட் என்கிறோமே, அதுதான். பாஸ்போர்ட்டை நாலு நகல் எடுத்து ஒன்றை உங்கள் வீட்டிலும் வையுங்கள். சாலைத் தடுப்பில் லாரியை நிறுத்தினால் பதற வேண்டாம், "புவேனோஸ் தியாஸ்" என்று முதலில் வணக்கம் சொல்லிவிட்டுக் கேட்ட பேப்பரை எடுத்துக் கொடுக்கட்டும். நான் மூன்று வருடமும் அப்படித்தான் போய் வந்தேன்.