எக்ஸ்பெண்டபிள்ஸ் 2 பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எனக்கு அந்தப் பாம்பு வசனம் இன்னும் உறுத்துகிறது

மன்னார்குடியான்:
2012 ஆகஸ்ட். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போச்சு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மாமாவை நான்தான் தஞ்சாவூருக்குப் படம் பார்க்க இழுத்துக்கொண்டு போனேன். ஸ்டாலோன் கும்பல், புளுட்டோனியம், வில்லன் வான் டாம், கதை தெரிந்ததுதான். சக் நோரிஸ் ஒற்றை ஆளாக வந்து எல்லோரையும் காப்பாற்றுவாரே, அந்த இடம். "உன்னை ராஜநாகம் கடிச்சதாமே?" என்று ஸ்டாலோன் கேட்பார். கடித்தது உண்மை, ஐந்து நாள் துடித்துவிட்டுப் பாம்பு செத்துப்போனது என்பார் இவர். தியேட்டரே அதிர்ந்தது. மாமா அசையவில்லை. அவருடைய அண்ணன் நாற்றங்காலில் பாம்பு கடித்து இறந்தவர், வீட்டில் யாரும் அதைப் பேச மாட்டோம். வெளியே வந்து டீ குடிக்கும்போது, "அந்தத் தாடிக்காரர் யாரு மாப்ளே?" என்று மட்டும் கேட்டார். கோபமா, ரசித்தாரா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நன்னிலத்தான்:
நான் ஜெட் லீக்காகப் போனவன். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர், பஸ் ஊர்ந்தது, உள்ளே நுழையும்போது படம் ஓடிக்கொண்டிருந்தது. ஜெட் லீ எப்போது வருவார் என்று பக்கத்துச் சீட்டுக்காரரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் எரிச்சலாகச் சொன்னார்: "அவர் முதல்லயே பாராசூட்ல குதிச்சுப் போயிட்டாருங்க." போஸ்டரில் மட்டும் முகம் போடத் தெரிகிறது.

வெண்ணாற்றங்கரை:
வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய அர்னால்டின் கமாண்டோ பார்த்த தலைமுறை நான். அதனால்தான் வயிற்றெரிச்சல். விமான நிலையச் சண்டையில் ஸ்டாலோன், அர்னால்ட், புரூஸ் வில்லிஸ் மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுடுவார்கள். எத்தனை வருடக் கனவு! ஆனால் நடுவில் அர்னால்ட் "திரும்பி வருவேன்" என்ற தன் பழைய வசனத்தை எடுத்துவிடுகிறார். நீ திரும்பி வந்தது போதும், இந்தத் தடவை நான் என்கிறார் வில்லிஸ். கல்யாணப் பந்தியில் பெரியவர்கள் ஒருவர் பெருமையை ஒருவர் பேசிக்கொள்வது மாதிரி இருந்தது. 51 வயது வான் டாம் மட்டும்தான் காலைத் தூக்கி ஒழுங்காக உதைத்தார். மன்னார்குடியார் தப்பாக நினைக்க வேண்டாம், பாம்பு வசனம், சக் நோரிஸை யாராலும் அசைக்க முடியாது என்று இணையத்தில் சுற்றும் பழைய ஜோக்குகளில் ஒன்று. அதில் துக்கப்பட ஒன்றுமில்லை.

ஒரத்தநாட்டான்:
அண்ணே, 2023-இல் ஜெயிலருக்கு நீங்கள் விசில் அடிக்கவே இல்லையா? அப்போது ரஜினிக்கு 72. இந்தப் படம் வந்தபோது சக் நோரிஸுக்கும் அதே 72. நம்ம ஆள் என்றால் ஸ்டைல், வெள்ளைக்காரன் என்றால் கிழமா? நானும் அந்த வில்லிஸ் வசனத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தவன்தான். 2022-இல் பேச்சே தடுமாறுகிற நோய் வந்து அவர் நடிப்பை நிறுத்தினார் என்று செய்தி வந்ததே, அன்று ராத்திரி போனில் அதே காட்சியைப் போட்டேன். முழுசாகப் பார்க்க முடியவில்லை.

வேதாரண்யம் அக்கா:
டிவியில் இதைப் பார்த்த மறுநாள் என் தங்கை மகன் வாய்க்காலில் தண்ணிப் பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு "நான்தான் நோரிஸ்" என்று வந்து நின்றான். எனக்கு உயிரே போய்விட்டது.

துக்கப்பட ஒன்றுமில்லை என்று எழுதிய தம்பிக்கு: வரப்பில் நடக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ராஜநாகம் நம் வயலில் கிடையாது, அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பாம்பு. நமக்கு ஆபத்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் சேர்த்துத்தான் தயாராகிறது. கடித்த இடத்துக்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டும் என்று நேரத்தை வீணாக்க வேண்டாம். கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி, இமை தொங்கினால் உடனே கிளம்புங்கள். அங்கே கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் என்று சந்தேகிப்பார்கள். ஏன் சும்மா வைத்திருக்கிறீர்கள் என்று அந்த நர்சிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

நன்னிலத்தான்:
அக்கா, எல்லாம் சரி. படம் பிடித்ததா இல்லையா?

வேதாரண்யம் அக்கா:
அர்னால்ட் அந்தக் குட்டிக் காரின் கதவைப் பிய்த்துப் போடுவாரே, அது பிடித்தது. மற்றதெல்லாம் ஒரே சத்தம்.